இன்ஹெரிட்டன்ஸ் இருக்கிற மாடல்ல ஜாயின் எழுதணும்னா: ஒரே டேபிளா, தனித்தனி டேபிளா?

ஓஆர்எம்ல (கோட்ல இருக்கிற கிளாஸை டேட்டாபேஸ் டேபிளோட இணைக்கிற லைப்ரரி) பேரன்ட் கிளாஸ் ஒண்ணு, அதுக்குக் கீழ நாலு சப்கிளாஸ்னு எழுதறது அஞ்சு நிமிஷ வேலை. அதை டேட்டாபேஸ்ல எப்படி வைக்கிறதுன்னு வரும்போது பெரும்பாலும் கிளாஸ் டயகிராமைப் பார்த்துதான் முடிவு எடுக்கறாங்க, எந்த சப்கிளாஸுக்கு எத்தனை ஃபீல்டு எக்ஸ்ட்ரா, நல் (மதிப்பு இல்லாத காலி ஃபீல்டு) எவ்ளோ வரும், பார்க்க சுத்தமா இருக்கான்னு. நான் கேட்கிற கேள்வி வேற ரெண்டு. மத்த டேபிள்கள் ஃபாரின் கீயை (இன்னொரு டேபிளோட ரெக்கார்டைச் சுட்டுற ஃபீல்டு) எங்க கொண்டுவந்து மாட்டப் போகுது, பேரன்ட்லயா சப்கிளாஸ்லயா? அடிக்கடி ஓடப்போற க்வெரில ஃபில்டரும் சார்ட்டும் எந்தப் பக்கம் இருக்கு? இந்த ரெண்டுக்கும் பதில் எழுதி வச்சுட்டு வந்தா மேப்பிங் தேர்வுல பாதி தானாவே முடிஞ்சிடும்.

பேச வசதியா ஒரு மாடல் எடுத்துக்கலாம். பேமென்ட்னு ஒரு பேரன்ட், அதுல ஐடி, ஆர்டர் ஐடி, தொகை, உருவான நேரம், அப்புறம் எந்த வகைன்னு சொல்ற டைப் ஃபீல்டு. அதுக்குக் கீழ கார்டுபேமென்ட் (எந்த நெட்வொர்க், கடைசி நாலு நம்பர்), பேங்க்டிரான்ஸ்ஃபர் (பேங்க் ஐடி, ரெஃபரன்ஸ் நம்பர்), கேஷ்பேமென்ட் (யார் வாங்கினாங்க), ரீஃபண்ட் (எந்த பேமென்ட்டுக்கான ரீஃபண்ட்). வெளிய ஆர்டர், பேங்க் ரெண்டு டேபிள், கூடவே டிஸ்ப்யூட்னு ஒண்ணு (பேமென்ட்டை எதிர்த்து வர்ற புகார்), அது கார்டு பேமென்ட்டுக்கு மட்டும்தான் வரும். இந்த டிஸ்ப்யூட்டையும் ரீஃபண்டையும் ஞாபகம் வச்சுக்கோங்க, சிக்கல் எல்லாம் அங்கதான்.

வழி மொத்தம் மூணு. எல்லாத்தையும் ஒரே டேபிள்ல போட்டு டைப் ஃபீல்டால பிரிக்கிற சிங்கிள் டேபிள், பொதுவானதை பேரன்ட் டேபிள்லயும் மீதியை சப்கிளாஸ் டேபிள்லயும் வச்சு ஒரே ஐடியால இணைக்கிற ஜாயின்ட் டேபிள், ஒவ்வொரு சப்கிளாஸுக்கும் முழு டேபிள் தனியா வைக்கிற கான்க்ரீட். ஹைபர்நேட்டோ (ஜாவா) எஸ்க்யூஎல்ஆல்கெமியோ (பைத்தான்) என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரோ (டாட்நெட்), பேருதான் மாறும், வழி இதே மூணுதான். ஹைபர்நேட்லயும் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர்லயும் நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா சிங்கிள் டேபிள்தான் வரும். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் ஜாயின்ட் முறையை 5.0லயும் (2020) கான்க்ரீட் முறையை 7.0லயும்தான் (2022) கொண்டுவந்துச்சு. கீழ உதாரணம் எல்லாம் எஸ்க்யூஎல்ஆல்கெமியை வச்சு சொல்றேன், ஏன்னா உள்ள என்ன எஸ்க்யூஎல் ஓடுதுன்னு அதுல தெளிவா பார்க்க முடியும்.

ஜாயின்ட் டேபிள்: நேர்மையான ஸ்கீமா, ஆனா ஜாயின் ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை

கார்டு பேமென்ட் இருக்கிற ஆர்டர் எல்லாம் வேணும்னு வைங்க. செலக்ட்(ஆர்டர்).ஜாயின்(ஆர்டர்.பேமென்ட்ஸ்.ஆஃப்_டைப்(கார்டுபேமென்ட்)) அப்படின்னு எழுதினா, பேமென்ட்டையும் கார்டுபேமென்ட்டையும் ஒரு அடைப்புக்குறிக்குள்ள முதல்ல ஜாயின் பண்ணி, அந்த மொத்தத்தையும் ஆர்டரோட இணைக்கும். ஆஃப்_டைப் (இந்த சப்கிளாஸ் மட்டும்னு சொல்றது) போட்டதால நெட்வொர்க் ஃபீல்டை வேர்ல தாராளமா யூஸ் பண்ணலாம். படிக்கவும் நல்லா இருக்கு, ரிசல்ட்டும் சரியா வரும்.

ஆஃப்_டைப் போடாம, செலக்ட்(பேமென்ட்).வேர்(கார்டுபேமென்ட்.நெட்வொர்க் == ஏதோ ஒண்ணு) அப்படின்னு எழுதினா என்ன ஆகும்? பைத்தான்ல பார்க்கும்போது தப்பே தெரியாது, கார்டுபேமென்ட்டும் பேமென்ட்தானேன்னு தோணும். ஆனா எஸ்க்யூஎல்ல ஃப்ரம் பக்கத்துல ரெண்டு டேபிளும் கமா போட்டு நிக்கும், நடுவுல ஜாயின் கண்டிஷனே இருக்காது, அதனால ஒவ்வொரு பேமென்ட்டும் பொருந்துற ஒவ்வொரு கார்டு ரெக்கார்டோடயும் பெருக்கிக்கிட்டு வரும். டெஸ்ட் டேட்டாபேஸ்ல ஒரே ஒரு கார்டு ரெக்கார்டு இருந்தா எண்ணிக்கை மாறாது, யாருக்கும் சந்தேகமும் வராது. எஸ்க்யூஎல்ஆல்கெமி 1.4ல இருந்து இதுக்கு கார்ட்டீசியன் ப்ராடக்ட்னு ஒரு வார்னிங் குடுக்குது, டெஸ்ட் ஓட்டும்போது வார்னிங்கை எரராவே மாத்தி வச்சுடுங்க, இந்த ஒரு செட்டிங் பல மணி நேரத்தை மிச்சம் பண்ணும்.

ரெண்டு சப்கிளாஸ்லயும் ஃபில்டர் வேணும், அதாவது இந்த நெட்வொர்க் கார்டு இல்லேன்னா இந்த பேங்க் வழியா வந்த டிரான்ஸ்ஃபர்னு கேட்டா, ஆஃப்_டைப்(கார்டுபேமென்ட்) மட்டும் போதாது, உள்ள இன்னர் ஜாயின்னால பேங்க் பக்கம் எல்லாமே போயிடும். அங்கதான் வித்_பாலிமார்ஃபிக் வேணும். வித்_பாலிமார்ஃபிக்(பேமென்ட், [கார்டுபேமென்ட், பேங்க்டிரான்ஸ்ஃபர்]) குடுத்தா ஒரு புது என்டிட்டி கிடைக்கும், அது பேமென்ட்டோட ரெண்டு சப் டேபிளையும் லெஃப்ட் அவுட்டர் ஜாயின் பண்ணி வச்சிருக்கும், அதையே ஆஃப்_டைப்புக்குள்ள குடுத்துட்டு, வேர்ல அந்த என்டிட்டி வழியாவே ரெண்டு ஃபீல்டையும் ஆர் போட்டு எழுதலாம்.

இப்ப ரீஃபண்ட். ரீஃபண்டும் ஒரு பேமென்ட், அது சுட்டுறதும் ஒரு பேமென்ட். ஒரு ரீஃபண்டோட மூல கார்டு பேமென்ட்டை ஜாயின்ல எடுக்கப் பார்த்தா, ரெண்டு பக்கமும் உள்ள பேமென்ட் டேபிளே இருக்கு, ஒரே பேர் ரெண்டு தடவை. பழைய பழக்கத்துக்காக எஸ்க்யூஎல்ஆல்கெமி தானாவே ஒரு ஏலியஸ் (மாற்றுப் பேர்) போட்டு, டேபிள்கள் ஒண்ணு மேல ஒண்ணு வருதுன்னு வார்னிங்கும் குடுக்கும். அதை நம்பாதீங்க, தானா வர்ற ஏலியஸ் எந்தப் பக்கம் போச்சுன்னு வேர் எழுதும்போது உங்களுக்குத் தெரியாது. மூலம் = ஏலியஸ்டு(கார்டுபேமென்ட், ஃப்ளாட்=ட்ரூ) அப்படின்னு நீங்களே பேர் வச்சுடுங்க. ஃப்ளாட் போட்டா உள்ள இருக்கிற ஒவ்வொரு டேபிளுக்கும் தனித்தனி ஏலியஸ் வரும், போடலேன்னா மொத்த ஜாயினும் ஒரு சப்க்வெரியா மாறி நிக்கும், பிளானருக்கும் (க்வெரியை எப்படி ஓட்டறதுன்னு முடிவு பண்ற டேட்டாபேஸ் பகுதி) கஷ்டம், படிக்கிறவங்களுக்கும் கஷ்டம்.

ஜாயின்ட் டேபிளோட உண்மையான செலவுன்னு நான் நினைக்கிறது ஜாயின் எண்ணிக்கையே கிடையாது. ஐடி வச்சு ஐடியோட இணைக்கிற ஜாயினை எந்த டேட்டாபேஸும் நல்லாவே பண்ணும். பிரச்சனை இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட டேட்டாபேஸ் வச்சுக்கிற வரிசைப்பட்டியல்). இந்த நெட்வொர்க்ல வந்த கடைசி 50 பேமென்ட் குடுன்னு ஒரு ஸ்க்ரீன் கேட்குது. நெட்வொர்க் இருக்கிறது கார்டுபேமென்ட் டேபிள்ல, உருவான நேரம் இருக்கிறது பேமென்ட் டேபிள்ல. ரெண்டையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ் போட முடியாது, இன்டெக்ஸ் ஒரு டேபிளுக்குள்ளதான் இருக்க முடியும். அதனால பிளானருக்கு ரெண்டே வழி. அந்த நெட்வொர்க்ல உள்ள எல்லா கார்டு ரெக்கார்டையும் எடுத்து பேமென்ட்டோட இணைச்சு சார்ட் பண்ணி 50 எடுக்கணும், இல்லேன்னா நேர இன்டெக்ஸ்ல பின்னாடி இருந்து ஒவ்வொரு பேமென்ட்டா எடுத்து, இது கார்டா, அந்த நெட்வொர்க்கான்னு பார்த்துக்கிட்டே 50 சேர்ற வரைக்கும் போகணும். நெட்வொர்க் அரிதானதா இருந்தா ரெண்டாவது வழி முழு டேபிளையும் தின்னுடும், பொதுவானதா இருந்தா முதல் வழி லட்சக்கணக்கான ரெக்கார்டை சார்ட் பண்ணும். சிங்கிள் டேபிள்ல இதே க்வெரிக்கு (நெட்வொர்க், உருவான நேரம்) மேல ஒரு இன்டெக்ஸ் போதும், 50 ரெக்கார்டைத் தொட்டுட்டு நின்னுடும். ஜாயின்ட்ல இருந்துக்கிட்டே இதைச் சரி பண்ணணும்னா உருவான நேரத்தை சப் டேபிள்லயும் ஒரு காப்பி வைக்கணும், மாறாத ஃபீல்டுன்னா அது பரவாயில்ல, ஸ்டேட்டஸ் மாதிரி மாறிக்கிட்டே இருக்கிறதுக்கு அந்த வழியில இறங்காதீங்க.

சப்கிளாஸ் எண்ணிக்கை கூடினா இன்னொரு விஷயம். பேரன்ட்டை க்வெரி பண்ணினா ஹைபர்நேட் ஜாயின்ட் முறையில எல்லா சப்கிளாஸ் டேபிளையும் லெஃப்ட் ஜாயின் பண்ணிக்கிட்டு வரும். போஸ்ட்கிரெஸ்ல ஜாயின்_கொலாப்ஸ்_லிமிட் டீஃபால்ட்டா 8, அதுக்கு மேல போனா பிளானர் எல்லா வரிசையையும் சேர்த்து யோசிக்காது, நீங்க (அதாவது ஓஆர்எம்) எழுதின வரிசைதான் பெருமளவு நிக்கும். மைஎஸ்க்யூஎல்ல ஒரு ஜாயின்ல 61 டேபிள்தான் வரம்பு, அது தூரமா தெரிஞ்சாலும் ரெண்டு பாலிமார்ஃபிக் ரிலேஷனை ஒரே க்வெரில இழுத்தா பெரிய மாடல்ல கிட்டக்க வந்துடும்.

இவ்ளோ சொன்னப்புறமும் ஜாயின்ட்டை நான் விடாம வச்சிருக்கிறதுக்கு ஒரே காரணம் டிஸ்ப்யூட். டிஸ்ப்யூட்டோட ஃபாரின் கீயை நேரா கார்டுபேமென்ட் டேபிள்ல மாட்டிடலாம், கேஷ் பேமென்ட்டுக்கு டிஸ்ப்யூட் போட டேட்டாபேஸே விடாது. சப்கிளாஸ் ஃபீல்டுக்கு நாட் நல் போடலாம், யுனிக் போடலாம், எல்லாம் இயல்பா வேலை செய்யும்.

சிங்கிள் டேபிள்

இங்க ஜாயின் எழுதறது ரொம்ப சாதாரணம். அதே ஆஃப்_டைப் க்வெரி இப்ப ஆர்டர், பேமென்ட் ரெண்டே டேபிளோட முடியும், கூட டைப் இன் ('கார்டு') னு ஒரு கண்டிஷன் ஒட்டிக்கும். ரெண்டு சப்கிளாஸ்ல ஆர் போடறதுக்கு அவுட்டர் ஜாயினே வேண்டாம், எல்லா ஃபீல்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ரீஃபண்டுக்கு மட்டும் இங்கயும் ஏலியஸ் வேணும், அது தன்னையே ஜாயின் பண்ற எந்த டேபிளுக்கும் உள்ளதுதான்.

கவனமா இருக்க வேண்டிய இடம் லெஃப்ட் ஜாயின். எல்லா ஆர்டரும் வேணும், கார்டு பேமென்ட் இருந்தா அதுவும் வேணும்னு ஒரு ரிப்போர்ட். டைப் கண்டிஷன் ஆன் பகுதியில இருந்தா பேமென்ட் இல்லாத ஆர்டரும் நல்லோட வரும். அதே கண்டிஷன் வேருக்குப் போயிடுச்சுன்னா நல் டைப் உள்ள ரெக்கார்டு எல்லாம் விழுந்துடும், லெஃப்ட் ஜாயின் பேருக்குத்தான் லெஃப்ட் ஜாயின், நடக்கிறது இன்னர் ஜாயின். எஸ்க்யூஎல்ஆல்கெமி 1.0ல இருந்து ஜாயின் பண்ற சப்கிளாஸோட டைப் கண்டிஷனை ஆன்லதான் வைக்குது. ஆனா ஆஃப்_டைப்பை விட்டுட்டு வேர்(பேமென்ட்.டைப் == 'கார்டு') அப்படின்னு கையால எழுதினா அந்தப் பாதுகாப்பு கிடையாது. டைப் ஃபீல்டை க்வெரில கையால தொடாதீங்க, கிளாஸ் பேரை மட்டும் யூஸ் பண்ணுங்கன்னு டீம்ல ஒரு விதியே வச்சுடலாம், ரிவ்யூ பண்ணவும் சுலபம்.

நல் நிறைய வருமேங்கிற கவலையை நான் பெருசா எடுத்துக்கிறதில்ல. போஸ்ட்கிரெஸ் ஒரு ரெக்கார்டுல நல் இருந்தா ஃபீல்டுக்கு ஒரு பிட் வச்சுத்தான் குறிச்சுக்கும், மதிப்புக்குன்னு தனி இடம் போகாது. மைஎஸ்க்யூஎல்ல இன்னோடிபியோட காம்பாக்ட் ரோ ஃபார்மட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான். கவலைப்பட வேண்டியது இடம் இல்ல, கட்டுப்பாடு. கார்டுக்கு நெட்வொர்க் கட்டாயம்னு நாட் நல் போட முடியாது, கேஷ் ரெக்கார்டு உடைஞ்சிடும். டைப் கார்டு இல்லேன்னா விடு, கார்டுன்னா நெட்வொர்க் காலியா (நல்) இருக்கக்கூடாதுன்னு செக் கன்ஸ்ட்ரெயின்ட்டா எழுதணும், சப்கிளாஸுக்கு ஒண்ணு. மைக்ரேஷன்ல கையால எழுதற வேலைதான், சோம்பல்பட்டு விட்டா ஆறு மாசத்துல டேட்டா கந்தலாயிடும்.

டிஸ்ப்யூட்டுக்கும் வழி உண்டு. டிஸ்ப்யூட் டேபிள்லயும் ஒரு டைப் ஃபீல்டு வச்சு, அது எப்பவும் 'கார்டு'தான்னு செக் போட்டு, (ஐடி, டைப்) ரெண்டையும் சேர்த்து பேமென்ட்டை நோக்கி ஃபாரின் கீ வைக்கலாம், பேமென்ட் பக்கம் அந்த ஜோடிக்கு ஒரு யுனிக் வேணும். வேலை செய்யும், ஆனா இப்படி ஒரு டேபிள்னா சரி, நாலு டேபிள் கார்டை மட்டும் சுட்டுதுன்னா ஸ்கீமா பார்க்கிறவங்களுக்கு மூச்சு முட்டும்.

கான்க்ரீட்

இதை சுருக்கமா முடிச்சுடறேன். பேமென்ட்னு ஒரு டேபிளே இருக்காது, அதனால ரீஃபண்ட் எதைச் சுட்டும்னு கேட்டா பதிலே இல்ல, நாலு டேபிளையும் சேர்த்து ஒரு ஃபாரின் கீ வைக்க முடியாது. ஆர்டர்.பேமென்ட்ஸ்னு கேட்டா நாலு டேபிளையும் யூனியன் ஆல் பண்ணி, இல்லாத ஃபீல்டுக்கு எல்லாம் நல் நிரப்பி, அந்தப் பெரிய சப்க்வெரியோடதான் ஜாயின். ஹைபர்நேட்ல இந்த முறையில ஐடென்டிட்டி ஐடியும் யூஸ் பண்ண முடியாது, டேபிளுக்கு டேபிள் ஐடி மோதிடும்னு சீக்வென்ஸ் மாதிரி வேற வழிக்குப் போகணும். சப்கிளாஸ் ஒவ்வொண்ணும் தனி உலகம், பேரன்ட்டா யாரும் க்வெரி பண்ணவே மாட்டாங்கன்னா தாராளமா எடுங்க. ஜாங்கோல (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) அப்ஸ்ட்ராக்ட் மாடல்னு சொல்றது நடைமுறையில இதுதான், பொதுவான ஃபீல்டை ஒரு தடவை எழுதறதுக்கு அது அருமை, ஆனா அப்ஸ்ட்ராக்ட் மாடலை நோக்கி ஃபாரின் கீ வைக்க முடியாது.

ஜாயின் சரி, லோடிங்?

ஜாயின்ட் டேபிள் எடுத்தவங்க கட்டாயம் மோதுற இடம் இது. செலக்ட்(பேமென்ட்) போட்டா டைப்பைப் பார்த்து சரியான சப்கிளாஸ் ஆப்ஜெக்ட்தான் வரும், ஆனா பேரன்ட் டேபிள் ஃபீல்டு மட்டும்தான் நிரம்பியிருக்கும். லூப்ல நெட்வொர்க்கைத் தொட்டதும் அந்த ஒரு ஆப்ஜெக்ட்டுக்காக ஒரு க்வெரி போகும், 200 கார்டு பேமென்ட் இருந்தா 200 க்வெரி. அசிங்க் செஷன்ல இன்னும் மோசம், க்வெரி போகாது, மிஸ்ஸிங்க்ரீன்லெட்னு எக்ஸெப்ஷனே விழும். ஒரு வகையில அது நல்லது, சத்தமில்லாம மெதுவாகிறதுக்கு உடனே உடையறது மேல்.

இதுக்கு ரெண்டு மருந்து. வித்_பாலிமார்ஃபிக் எல்லாத்தையும் லெஃப்ட் ஜாயின் பண்ணி ஒரே க்வெரில கொண்டுவரும். செலக்ட்இன்_பாலிமார்ஃபிக் முதல்ல பேரன்ட்டை எடுத்து, வந்த ஐடிகளை இன் போட்டு சப்கிளாஸுக்கு ஒரு க்வெரியா எடுக்கும், மூணு சப்கிளாஸ் கேட்டா மொத்தம் நாலு க்வெரி. எது வேணும்னு முடிவு பண்றது சுலபம்: சப்கிளாஸ் ஃபீல்டுல ஃபில்டர் அல்லது சார்ட் இருக்குன்னா வித்_பாலிமார்ஃபிக் தவிர வேற வழியில்ல, செலக்ட்இன் ரெண்டாவதா ஓடறதால அந்த ஃபீல்டு முதல் க்வெரிக்குத் தெரியவே தெரியாது. ஃபில்டர் எல்லாம் பேரன்ட்ல, லிமிட் போட்டு ஒரு பக்கம் காட்டுறீங்கன்னா செலக்ட்இன் எடுங்க, முதல் க்வெரி ஒல்லியா இருக்கும், பின்னாடி வர்றது எல்லாம் ப்ரைமரி கீ தேடல். கூட பேங்க் பேரும் வேணும்னா அதே ஆப்ஷன்ஸ்ல செலக்ட்இன்லோட்(பேங்க்டிரான்ஸ்ஃபர்.பேங்க்) சேர்த்துடலாம். இந்த செட்டிங்கை மேப்பர்லயே வைக்கவும் முடியும், ஆனா நான் க்வெரிக்கு க்வெரி குடுக்கிறதைத்தான் சொல்வேன், மேப்பர்ல வச்சா சும்மா தொகையைக் கூட்டுற இடத்துலயும் எல்லா சப் டேபிளும் சேர்ந்து வரும்.

மத்த ஓஆர்எம்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு. ஹைபர்நேட்ல ஜேபிக்யூஎல்ல (ஜேபிஏங்கிற ஜாவா தரநிலையோட க்வெரி மொழி) ட்ரீட்(பி ஆஸ் கார்டுபேமென்ட்) எழுதறது ஆஃப்_டைப்போட வேலையைத்தான் செய்யுது, ஜேபிஏ 2.1ல (2013) வந்துச்சு. அங்க தனியா ஒரு ஆபத்து இருக்கு: பேமென்ட்டை நோக்கின லேஸி ரிலேஷன் பேரன்ட் கிளாஸோட ப்ராக்ஸியா (நிஜ ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலா நிக்கிற ஆப்ஜெக்ட்) வரும், அதை இன்ஸ்டன்ஸ்ஆஃப் கார்டுபேமென்ட்னு கேட்டா உள்ள கார்டே இருந்தாலும் பொய்னுதான் பதில், ஹைபர்நேட்.அன்ப்ராக்ஸி பண்ணிட்டு கேளுங்க. ஜாங்கோல மல்ட்டி டேபிள் இன்ஹெரிட்டன்ஸ்ல பேரன்ட்டை க்வெரி பண்ணினா பேரன்ட் ஆப்ஜெக்ட்டே வரும், சப்கிளாஸா மாறாது, ஆர்டர்ல இருந்து ஃபில்டர்ல பேமென்ட்ஸ்__கார்டுபேமென்ட்__நெட்வொர்க் அப்படின்னு போகலாம், லோடிங்குக்கு செலக்ட்_ரிலேட்டட்('கார்டுபேமென்ட்') குடுக்கணும். பல்க்_க்ரியேட் (நிறைய ரெக்கார்டை ஒரே தடவையில சேர்க்கிறது) அந்த சைல்டு மாடலுக்கு வேலை செய்யாதுங்கிறதையும் முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. ரெயில்ஸ் (ரூபி) பக்கம் ரொம்ப காலம் சிங்கிள் டேபிள்தான், 6.1ல டெலிகேட்டட் டைப் வந்ததும் ஜாயின்ட் மாதிரி ஒரு வழி கிடைச்சுது, ஆனா அது இன்ஹெரிட்டன்ஸ் இல்லாம ரெண்டு ரெக்கார்டைச் சேர்த்து வைக்கிற முறை.

அப்போ நம்ம பேமென்ட் மாடலுக்கு எது? ஆர்டர் சுட்டுறது பேரன்ட்டை, ரீஃபண்ட் சுட்டுறது பேரன்ட்டை, ரிப்போர்ட் எல்லாம் நேரத்தையும் தொகையையும் வச்சு ஓடுது, சப்கிளாஸ் ஃபீல்டு கொஞ்சம்தான். இது எல்லாம் சிங்கிள் டேபிள் பக்கம் இழுக்குது. சப்கிளாஸைக் குறிப்பா சுட்டுறது டிஸ்ப்யூட் ஒண்ணுதான், அதுக்காக நாலு டேபிளா உடைக்கணும்னு அவசியமில்ல. எஸ்க்யூஎல்ஆல்கெமில ரெண்டையும் கலக்க முடியும்: டேபிள் பேர் குடுத்த சப்கிளாஸ் தனி டேபிளுக்குப் போகும், குடுக்காத சப்கிளாஸோட ஃபீல்டு பேரன்ட் டேபிள்லயே சேரும். அதனால கேஷ், பேங்க்டிரான்ஸ்ஃபர், ரீஃபண்ட் மூணையும் பேமென்ட் டேபிள்லயே விட்டுட்டு, கார்டுபேமென்ட்டுக்கு மட்டும் தனி டேபிள் குடுப்பேன், டிஸ்ப்யூட் அதை நேரா சுட்டும். நெட்வொர்க் வச்சு கடைசி 50 கேட்கிற ஸ்க்ரீன் நிஜமாவே சூடானதுன்னா உருவான நேரம் மாறாத ஃபீல்டுங்கிறதால அதோட காப்பியை கார்டு டேபிள்ல வச்சு அங்கயே இன்டெக்ஸ் போட்டுடுவேன். க்வெரி எல்லாம் ஆஃப்_டைப்பும் கிளாஸ் பேரும் வச்சு எழுதியிருந்தா, நாளைக்கு பேங்க்டிரான்ஸ்ஃபருக்கும் தனி டேபிள் வேணும்னு வந்தாலும் மைக்ரேஷன் எழுதி டேட்டாவை நகர்த்தி, அந்த கிளாஸ்ல ஒரு டேபிள் பேரும் பேமென்ட் ஐடியைச் சுட்டுற ப்ரைமரி கீயும் சேர்த்தா போதும், ஆர்டர்ல இருந்து அதுக்குப் போற ஜாயின் வரிகள் பெரும்பாலும் அப்படியே நிக்கும்.